அவர் அடிக்காத இரண்டு கமா

அர்த்தநாரி டைப் அடித்துக் கொடுத்த மனுவில் அந்த இரண்டு கமாவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜலகண்டாபுரத்தில் இன்றைக்கும் வேறு விதமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவர் அவர். ஐந்தாம் பாரம் வரை படித்தார். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் தெம்பில்லை. சேலத்துக்கு நடையாய் நடந்து டைப் கற்றுக்கொண்டு, யாரோ கழித்துப்போட்ட மெஷின் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து முன்னறையில் வைத்தார். இருபது வருஷம் ஊர்ப்பட்ட மனுக்கள் அந்த மெஷினில்தான் பிறந்தன. கிணறு வற்றிப்போனவன், பட்டாளத்துக்குப் போன மகனிடமிருந்து கடுதாசி வராதவள், எல்லோரும் அவரிடம்தான் வந்தார்கள். சொன்னதைக் கேட்டுக்கொள்வார். உடனே அடிக்க மாட்டார். வாக்கியத்தை வாய்க்குள்ளேயே மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் விரல் மெஷினுக்குப் போகும்.

கமா விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் வரும். ஓமலூரில் மனு எழுதுகிறவர்களை அவர் மனிதராகவே மதிக்கவில்லை.

"நம்மாளு பேச்சுல 'ங்க' போடற இடத்துலயெல்லாம் அவன் கமாப் போடறான்" என்பார் மனைவி கந்தம்மாளிடம். "பேசறப்ப மூச்சு வாங்குனா தப்பில்ல. இங்கிலீசு எழுத்துல வாங்குனா அர்த்தம் ஓடிப்போயிரும்."

ஓடித்தான் போயிற்று, 1944இல்.

யுத்த காலம். நூலுக்குக் கட்டுப்பாடு. கார்டு இருந்தால்தான் நூல், நூல் இருந்தால்தான் அடுப்பு. அர்த்தநாரி இருந்த தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கார்டு நூலை வெளியே விற்றுவிட்டார்கள். நூல் ஆபீசுக்குச் சேதி போய், தெரு முழுவதையும் விசாரிக்கப் போவதாகத் தாக்கீது வந்தது. மீதி முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் தெருப் பெரியதனக்காரன் சென்னிமலையை முன்னால் விட்டுக்கொண்டு அர்த்தநாரியிடம் வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரே வாக்கியம்: இந்தத் தெருவில் நூல் விற்ற நெசவாளர்களைத் தண்டியுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

தமிழில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கிலீசில் உண்டு. 'நூல் விற்ற' என்பதற்கு உரிய சொற்களின் முன்னால் ஒரு கமாவும் பின்னால் ஒரு கமாவும் போட்டால், தெருவில் உள்ள நெசவாளர் எல்லோருமே விற்றார்கள் என்று ஆகிவிடும். போடாவிட்டால், விற்றவர்களை மட்டும் குறிக்கும். அர்த்தநாரி போடவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. முப்பத்தொரு கார்டும் ரத்து. காரணம்: குற்றத்தை மனுதாரர்களே தங்கள் மனுவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அர்த்தநாரி கரி கேஸில் ஓடும் பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போனார். நூல் ஆபீசில் ஹெட் கிளார்க் பி.ஏ. படித்தவர். மனுவை வாய்விட்டுப் படித்து, தனக்கு மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் கமா வைத்து, ஆபீசருக்குச் சுத்தப் பிரதி அடிக்கச் சொன்னவர் அவர்தான். அசலைக் கிழித்துப் போட்டாயிற்று. அர்த்தநாரி தன்னிடமிருந்த கார்பன் நகலை மேஜைமேல் வைத்தார். அதில் கமா இல்லை.

ஹெட் கிளார்க் சிரித்தார். "கடுதாசி ஓட்டையாயிரும்னு கமாவைப் பூப்போலத்தான் தட்டுவீங்க. அது எப்படிங்க கார்பன்ல விழும்? எனக்கு டைப் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?"

அர்த்தநாரி ஒரு ஸ்கேல் கேட்டார். டைப் மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். கமாவுக்கும் அதே அகலம். மை விழாமல் போகலாம், இடம் விழாமல் போகாது. அங்கே கமா அடித்திருந்தால் இரண்டு சொல்லுக்கும் நடுவில் இரண்டு எழுத்து இடம், கமாவுக்கு ஒன்றும் இடைவெளிக்கு ஒன்றுமாக, வெறுமையாக இருக்க வேண்டும். நகலில் இருந்தது ஒன்று. இரண்டாவது கமா இருந்ததாகச் சொன்ன இடத்திலும் ஒன்றுதான். அளந்து காட்டினார். சத்தம் கேட்டு ஆபீசர் வெளியே வந்தார். அவரும் ஸ்கேலை வாங்கி அளந்தார். அவர் முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினையாயிற்று.

அர்த்தநாரியை நிற்க வைத்தே பேசினார். தப்பு ஆபீசின் தப்பு என்றால் மெட்ராசுக்கு எழுத வேண்டும், விசாரணை வரும், மாசக்கணக்கில் இழுக்கும், அதுவரை கார்டு கிடையாது. மனு அடித்தவரின் தப்பு என்றால் இன்றைக்கே சரிசெய்துவிடலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பிறகு வெளியே போய் வேறு மாதிரி பேசினால், மூடிய பைலைத் திறக்க வேண்டிவரும்.

ஊரில் அப்போதே தறிகள் நின்றிருந்தன. சென்னிமலையின் தம்பி ரோட்டில் ஜல்லி உடைக்கப் போய்க்கொண்டிருந்தான். அர்த்தநாரி தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டார். பிறகு எழுதினார்: அந்த இரண்டு கமாவும் என்னுடைய பிழை. கையெழுத்துப் போட்டார். ஹெட் கிளார்க் மையொற்றுத் தாளை வைத்துப் பக்குவமாக ஒற்றி எடுத்தார்.

வீட்டுக்கு வந்து கந்தம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க கையெழுத்து?"

"தப்பு யாருதுன்னு அவனுக்கும் தெரியும். முப்பத்தொரு ஊட்டுல அடுப்பெரியட்டும். நீ வாயத் தொறக்காத."

நாலாம் நாள் நூல் வந்தது. கெட்ட பேரும் கூடவே வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அர்த்தநாரியே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஆபீஸ் பியூன் சொல்லி ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. கமாக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சென்னிமலை சந்தையில் நாலு பேர் நடுவில், "ஒரு கமாவுல எங்களக் கவுத்துப்போட்டீங்களேண்ணா" என்று கேட்டுச் சிரித்தான். அவனோடு நூல் வாங்கியவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மனு எழுத எல்லோரும் ஓமலூர் போனார்கள். 'ங்க'வுக்கு ஒரு கமா போடுகிறவர்களிடம் போனார்கள். அர்த்தநாரி நாற்பத்தாறு வயதில் மறுபடியும் தறிக்குழியில் இறங்கினார். மெஷின் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. ஒருநாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி இருமினார். பகலில் நெய்தார். 1947 ஆடியில் செத்துப்போனார்.

எரித்துவிட்டுக் குளித்து வந்த ஆண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். சென்னிமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னான்.

"அண்ணன் தங்கமான மனுசனுங்க. இங்கிலீசு ஒண்ணுதான் கொஞ்சம் அரைகுறை."

கந்தம்மாள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். தாலி இறங்காத கழுத்தோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கமா வைத்தது யார், ஸ்கேல் வைத்து அளந்தது யார், யாருக்காகக் கையெழுத்துப் போட்டது, எதுவும் விடவில்லை. குரல் உயரவில்லை.

கடைசியில் சென்னிமலைதான் முனகினான். "அப்பவே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கல்லக்கா."

"சொல்லியிருந்தா உனக்கு நூல் வந்திருக்காது, தம்பி" என்றாள் கந்தம்மாள்.