அரிசிம்பருப்பும் ஒரு அம்புக்குறியும்

டைரி எழுத ஆரம்பித்துவிட்டேன்! நம்புங்கள். ஜனவரி முதல் வாரத்தைத் தாண்டாத அதே நான்தான்.

எல்லாம் மருமகள் நந்தினியின் கைங்கரியம். மதுரைப் பக்கத்துப் பெண், இங்கே கோவையில் ஐ.டி. வேலை. போன மாதம் என் லேப்டாப்பில் ஒரு குட்டி புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். கறுப்பாக ஒரு ஜன்னல் திறக்கும். பட்டன் கிடையாது, மெனு கிடையாது. ‘டைரி’ என்று அடித்து, பக்கத்திலேயே சொல்ல வேண்டியதை எழுதி, என்டரைத் தட்டினால்... முடிந்தது! தேதி, நேரமெல்லாம் அதுவே போட்டு ஃபைலில் சேர்த்துவிடும். தமிழ் எழுத்து அங்கே கொஞ்சம் பிய்ந்துதான் தெரியும். அதனாலென்ன? அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு பதிவு போட்டுவிடுகிறேன். காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்ததைக்கூட விடவில்லை.

இப்படி எழுதித் தள்ளினால் உண்மையும் வந்து விழுமா இல்லையா?

நந்தினி எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதத்தை வாரம் தவறாமல் செய்கிறாள். களி மாதிரி குழைந்து, உறைப்பே இல்லாமல் இருக்கும். ஆனால் சமைத்தவள் முகத்துக்கு நேரே குறை சொன்னால் நாங்கள் கோயமுத்தூர்க்காரர்களா? “நல்லா இருக்குது கண்ணு” என்று சொல்லி இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொள்வேன்.

அதுதான் வினையாகிவிட்டது. “ஞாயித்துக்கிழமை கொடுமுடியிலிருந்து உங்க அக்கா வர்றாங்கல்ல... நானே அரிசிம்பருப்பு செய்றேன் அத்தை” என்றாள்.

எங்கள் குடும்பத்திலேயே நாக்குக்கு மூடி போடாத ஒரே ஜீவன் என் அக்கா. நாலு பேர் முன்னால் பிள்ளை அவமானப்படுவாளே! எப்படிச் சொல்ல? நேராகக் கறுப்பு ஜன்னலில் போய்க் கொட்டினேன்.

“டைரி நந்தினி அரிசிம்பருப்பு வாயில வெக்க முடியல. நல்லா இருக்குதுன்னு சொல்லிச் சொல்லியே புள்ளைய மாட்டி உட்டுப்போட்டேன். அக்கா மானத்த வாங்கிப்போடுவா.”

என்டர். அப்பாடா!

மறுநாள் சனிக்கிழமை. லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் திறந்தே இருந்தது. நந்தினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அத்தை, இதுல ஒரு வித்தை இருக்கு. கடைசியா அடிச்ச வரி திரும்ப வேணும்னா மேல்பக்கம் பார்க்கிற இந்த அம்புக்குறியைத் தட்டினாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே—

தட்டிவிட்டாள்.

வந்தது. முழுசாக வந்தது. “கண்ணு... அது வந்து...”

நந்தினி அந்த வரியை அழித்துவிட்டு, மளமளவென்று அடித்தாள்.

“டைரி எனக்கும் பிடிக்கலை அத்தை. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதால, இந்த வீட்டு ருசியே இதுதான்னு நானும் முழுங்கிட்டு இருந்தேன்.”

சிரித்தோம் பாருங்கள்... வயிறு வலிக்கிற வரைக்கும்! மரியாதைக்காக ஒருத்தி புளுக, மரியாதைக்காக இன்னொருத்தி விழுங்க... இது என்ன குடித்தனம், சொல்லுங்கள்? அப்படியே சமையலறைக்குப் போனோம். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், அளவாய்த் தண்ணீர். “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல அத்தை?” என்றாள். ஞாயிறன்று அவளேதான் தனியாகச் செய்தாள்.

அக்கா ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, இந்தப் பக்குவம் உன்ற கைக்கு வராதே. யாரு செஞ்சது?”

“நான்தான் பெரியம்மா.”

“அப்படிச் சொல்லு! உங்கத்தைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு அம்மணி.”

இதை நான் டைரியில் ஏற்றவில்லை. நந்தினி ஏற்றிவிட்டாள்.