தெருவை அடைத்த அரக்குப் பாவு

பிள்ளையார்பாளையத்தில் என் ரிக்‌ஷா நின்றுவிடுகிறது. தெரு நீளத்துக்கும் அரக்கு நிறப் பட்டு நூலைப் பாவாக விரித்துக் கட்டியிருக்கிறார்கள். நூலில் தடவிய கஞ்சி காயும்வரை வண்டி போகாதாம். யாரும் முணுமுணுக்கவில்லை, நான் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். தோழிக்கு என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மணமேடைக்கும் நைலக்ஸ் புடவைதான், பட்டுப் புடவையையெல்லாம் யார் சுமப்பது என்று அம்மாவிடம் ஒரு மாதம் சண்டை போட்டு ஜெயித்தவள் நான்.

திடீரென்று தூறல். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பாவைச் சுருட்டுகிறார்கள்.

"வேடிக்கை பாத்துக்கினு நிக்கறியேமா, வந்து புடி!" தறிக்கார அம்மாள் ஒருத்தி என்னை அதட்டுகிறாள். "வளையலக் கயட்டிட்டு வா, நூலு மாட்டிக்கும்."

வளையல்களைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிக்கிறேன். இத்தனை மெல்லிய நூல்கள் சேர்ந்தால் இவ்வளவு கனம் என்று தெரியாது. மார்போடு அணைத்தபடி அவள் வீட்டுக்குள் கொண்டு சேர்க்கிறேன். ஒரு நூல்கூட வீணாகவில்லை.

"இதுல மூணு பொடவ வரும்மா," என்று முந்தானையால் என் தலையைத் துவட்டுகிறாள்.

"மூணுக்கும் ஆள் இருக்கா?"

என் பையில் மஞ்சள் தடவிய பத்திரிகை தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"ரெண்டுக்குத்தான் இருக்குது. கல்யாணம் எப்போ?"

"தை கடைசியில."

"மொதல் பொடவய உனக்கே அறுத்துத் தரேன். வீட்ல கேட்டுக்கினு வா."

கேட்க என்ன இருக்கிறது? அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் பஸ்ஸில் வழி முழுக்க யோசிக்கிறேன்.