எம்.சி. சாவேஜ் மண்டபத்தைக் கட்டிப்போட்ட மதியம்

"நான் மைக்கைப் பிடிச்சிட்டேன்னா ஹாலை விட்டு ஒருத்தன்கூட வெளியே போகமாட்டான். எழுதி வெச்சுக்குங்க."

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் எம்.சி. சாவேஜ், வயது நாற்பத்தொன்று, ராப் பாடகர், டி.ஜே., தம்மைப் பற்றித் தாமே எழுதிய பதினேழு பாடல்களின் ஆசிரியர். அடையாள அட்டையில் அவர் பெயர் சபாபதி. அதை உரக்கச் சொல்பவர்களைக் கைப்பேசியில் தடை செய்துவிடுவார். சொந்த அக்காவும் இப்போது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்.

எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் லோகேஸ்வரி. தீபாவளிக்கு முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸில் போடப்படும் தெரு மேடைக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுப்பது அவருடைய நிறுவனம். அந்த மேடைக்காகச் சாவேஜ் ஆறு ஆண்டுகளாக அலைகிறார். ஒவ்வோர் ஆண்டும் அவரைவிட இளையவர் ஒருவர் ஏறினார். இந்த முறையும் தவறினால் இனி யாரும் தம்மைக் கூப்பிடப்போவதில்லை என்பது கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கே தெரிந்திருந்தது.

லோகேஸ்வரி எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண விருந்துக்கு நீங்கள் பாடுவதாகக் கேள்விப்பட்டேன், நானும் வருகிறேன் என்றார். சோறு போடும்வரை எந்தக் கூட்டமும் உட்கார்ந்துதான் இருக்கும். ஐஸ்கிரீம் தின்ற பிறகும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தால் மேடை அவருக்கு.

இந்த இடத்தில் கலைஞரின் கொள்கைகளைச் சொல்லிவிடுவது நாட்டுக்கு நல்லது.

இசை பற்றி: அது காதுக்கு உரியதல்ல, வயிற்றுக்கு உரியது. முன்வரிசையில் இருப்பவன் தின்ற கோழி உள்ளேயே ஆடவேண்டும். சாவேஜ் பிறந்தது காப்பாரில். அங்குள்ள மின்நிலையம் தம் ஒலிபெருக்கிகளை முன்னிட்டே கட்டப்பட்டது என்று அவர் உள்ளூர நம்புவதாகப் பேச்சு. பாடல் வரிகளில் அவர் பெயர் எத்தனை முறை வருகிறதோ அந்த அளவுக்குப் பாடல் தரமானது. தாளம் மட்டும் பிற நாட்டாருடையது. வார நாட்களில் பங்சாரில் அலுவலகம் அலுவலகமாகப் போய் நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. நகல் எடுப்பதில் அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோற்றம் பற்றி: சிரிக்கக் கூடாது. சிரிப்பவனுக்கு மரியாதை இல்லை. பொது இடத்தில் கையால் சாப்பிடக் கூடாது. அந்த வாழையிலைக் கடையில் கரண்டி கேட்டு வாங்கியவர் உலகில் அவர் ஒருவராகவே இருக்கவேண்டும். கழுத்தில் தங்க நிறச் சங்கிலி. கிள்ளான் வெயிலில் வியர்த்தால் அதன் கீழே பச்சைக் கோடு விழும். அது பச்சை குத்தியது என்பார். விளம்பரத்தாளில் "சாவேஜ் அண்ட் டீம்" என்று போட்டு எட்டு நிழலுருவங்கள் நிற்கும். எட்டும் அவரே, எட்டுத் திசையில் திரும்பி எடுத்த படம்.

வாழ்க்கை பற்றி ஒரே வரி: "லைஃப்ங்கிறது பார்ட்டி பாஸ், கூப்பிட்டவன் உள்ள, கூப்பிடாதவன் கேட்ல."

இவை எல்லாவற்றுக்கும் மேலான கொள்கை, நம்பர் வாசிக்கமாட்டேன் என்பது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்யாண மண்டபத்து மைக் எதற்காக இருக்கிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாழ்த்துவதற்கு ஐந்து நிமிடம் போகும். மீதி நேரமெல்லாம், வெள்ளி நிற மைவி கார், நம்பர் இன்னது, பின்னால் ஒருவர் வெளியே போகவேண்டும், தயவுசெய்து காரை நகர்த்தவும். ஒருவர் காருக்குக் குறுக்கே இன்னொருவர் காரை நிறுத்திவிட்டு, "அஞ்சு நிமிஷம்லா" என்று சொல்லி மூன்று மணி நேரம் விருந்துண்பது நம் பண்பாடு. கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியோரம் வைத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்களை மைக்தான் கூப்பிடவேண்டும். அது அறிவிப்பாளன் வேலை, கலைஞன் வேலை இல்லை என்று சாவேஜ் மறுத்துவிட்டார். தம் எண்ணைக் கண்ணாடியோரம் வைப்பதையும் மறுத்துவிட்டார். ரசிகைகள் தொல்லை கொடுப்பார்களாம்.

ஞாயிறு வந்தது. மணப்பெண் விஷ்ணுப்ரியா, கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் தாதி. விருந்து மதியம் பன்னிரண்டுக்கு, முதல் மாடி மண்டபத்தில். சாவேஜ் அன்று தம் பழைய காரில் வரவில்லை. கறுப்பு வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்கதவு முழுக்கத் தம் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். வேனின் நம்பர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு விருந்தினர் ஏறக்குறைய எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். லோகேஸ்வரி வந்துகொண்டிருப்பதாகச் செய்தி அனுப்பினார். உடனே சாவேஜ் கீழே இறங்கி, மண்டபத்து வாசலோரம் நின்ற வேனை எடுத்துக் கார் நிறுத்துமிடத்தின் ஒரே வாய்க்குக் குறுக்கே, பின்கதவு சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினார். வாடகைக் காரில் வந்து இறங்கும் லோகேஸ்வரியின் கண்ணில் முதலில் அந்த முகம் படவேண்டும். பட்டது. ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்தவர், மேலே வந்து புகை இயந்திரத்தைத் தட்டிவிட்டதும் மறந்தேபோனார். பட்டப்பகலில், பிரியாணிக்கு மேலே, புகை பரவியது.

ஒன்றேகாலுக்கு மைமூன் மேடையருகே வந்தாள். விஷ்ணுப்ரியாவோடு ஒரே வார்டில் வேலை செய்பவள். இரண்டு மணிக்கு வேலையில் நிற்கவேண்டும். காரை எடுக்கமுடியவில்லை, ஒரு கறுப்பு வண்டி வழியை அடைத்து நிற்கிறது, வாசித்துவிடுங்கள் அண்ணே என்று, நம்பர் எழுதிய டிஷ்யூ தாளை நீட்டினாள். சாவேஜ் அதை வாங்கி ஒலி மிக்ஸருக்கு அடியில் செருகிவிட்டு, "ஆர்ட்டிஸ்ட் நம்பர் வாசிக்கமாட்டாங்க சிஸ்டர்" என்றார். அவள் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஐஸ்கிரீம் முடிந்தது, கூட்டம் எழுந்தது, மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கியது. மூன்றாம் மேசையில் லோகேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குளிர்சாதனத்துக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முகங்களில் இருந்தது கொலைவெறி. கறுப்புக் கண்ணாடி வழியே அது பரவசமாகத் தெரிந்தது. தம்முடைய பதினோராவது பாடலுக்கு மனிதர்கள் படியேறி வருவதைச் சாவேஜ் தம் வாழ்நாளில் அன்றுதான் கண்டார்.

லோகேஸ்வரியே எழுந்து வந்தார். அவர் வந்தது வாடகைக் காரில். கீழே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

"சாப்பிட்டும் ஒருத்தரும் போகலையே. கிள்ளான்ல இப்படி நான் பார்த்ததில்லை. ரெண்டு மணி வரைக்கும் இப்படியே நிறுத்துங்க, பேசிடலாம்."

சாவேஜ் சிரிக்காமல் தலையசைத்தார். அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதைக் கன்னம் காட்டிக்கொடுத்தது.

ஒன்று முப்பத்தைந்துக்கு மைமூன் மறுபடியும் வந்தாள். சாலைப்பக்கமாகச் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. இந்த முறை தாள் எதுவும் கொண்டுவரவில்லை.

"அண்ணே, அந்த வேன் பின்னால இருக்கிறது உங்க மூஞ்சி."

சாவேஜ் ஒலியைக் குறைத்தார்.

"நீங்க நம்பர் வாசிக்கவேணாம். சாவியை எடுத்துட்டு வாங்க, போதும்."

இன்னும் இருபத்தைந்து நிமிடம் என்றார் சாவேஜ், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. பாட்டு நடுவில் இருக்கிறது, டீமைக் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். டீம் எங்கே என்று மைமூன் கேட்டாள். விளம்பரத்தாளில் இருந்த எட்டுப் பேரும் பதில் சொல்லவில்லை.

"ரெண்டு மணிக்கு நான் போகலைன்னா, விடியக்காலைலேருந்து வார்டுல நிக்கிற அக்கா வீட்டுக்குப் போகமுடியாது" என்றாள் மைமூன். "அவங்க பிள்ளை டியூஷன்ல காத்துக்கிட்டிருக்கும். நீங்க பாடுங்க அண்ணே. அவங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க."

அவள் திட்டியிருந்தால் சாவேஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு பாடலே இருக்கிறது, ஒன்பதாவது. அவள் அங்கேயே நின்றாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவர் மண்டபத்தைப் பார்த்தார். அத்தனை நாற்காலியும் நிறைந்திருந்தது. யாரும் ஆடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பெரியவர் காலணியைக் கழற்றிவிட்டுத் தூங்கினார். முன்மேசையில் ஒரு குடும்பம், இந்த வேன்காரனைப் பெற்றவள் யாரென்று உரக்க விசாரித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகு மாட்டிக்கொள்ள மறந்தார்.

மிக்ஸரில் நீளமான பாட்டு ஒன்றைத் தேடி ஓடவிட்டார். வேறு யாரோ பாடிய பழைய மெல்லிசை. மைக்கை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, கால்சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினார். மைமூன் முன்னால் நடந்தாள். மூன்றாம் மேசையைக் கடக்கையில் லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போறீங்க? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"வெளியே, மேடம்" என்றார் சபாபதி. "கொஞ்சம் வழி விடுங்க."