சம்பந்தியின் மிக்சர் தட்டு

யோகநாதன் அண்ணை போக்கர் ஆடும்போது சீட்டைப் பார்ப்பதைவிட ஆளைப் பார்ப்பதுதான் அதிகம். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் அவர் சமையல்காரர். திங்கட்கிழமை அவருக்கு லீவு. அன்று மத்தியானம் பாரிஸ் லா ஷப்பலில் என் புடவைக்கடைப் பின்னறையில் கூடுவோம். யாராவது "தப்பீ" என்று கையிலிருக்கும் காய்களையெல்லாம் நடுவில் தள்ளினால் நான் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடுவேன். அண்ணை தாடியைச் சொறிவார். பிறகு, "பாப்பம், காட்டுங்கோ" என்று தானும் அவ்வளவையும் வைப்பார். எதிராளியிடம் பெரும்பாலும் வெறுங்கைதான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"எப்பிடி அண்ணை பிடிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொய் சொல்லுற ஆள் என்னத்தையாவது செய்யும். அரியரத்தினம் மிக்சர் தருவார்."

உண்மைதான். பலசரக்குக் கடைக்காரர் அரியரத்தினம் நல்ல சீட்டு வந்தால் மிக்சர் தட்டை மடியில் வைத்துத் தானே கொறிப்பார். வெறுங்கையோடு மிரட்டும்போது மட்டும் தட்டு நம் பக்கம் நகரும்.

2013இல் அவருடைய மகன் மதுஷனும் அண்ணையின் மகள் மிருணாளினியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்ரானில் அரியரத்தினம் வீட்டில் கல்யாணப் பேச்சு. "சீதனமோ? ஒரு சதமும் வேண்டாம்" என்றவர், மிக்சர் தட்டை அண்ணையின் பக்கம் தள்ளினாராம்.

அது பொய்யோ என்று அண்ணைக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்தவருக்கு மிக்சர் கொடுப்பது வெறும் மரியாதையாகவும் இருக்கலாமே. கிண்டிக் கேட்டால் சம்பந்தியைப் பொய்யன் என்றதாகிவிடும். கேட்காமல் விட்டு, தாலிக்கு முதல்நாள் அவர்கள் வாயைத் திறந்தால் மகள் உடைந்துபோவாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மேசையில் விரித்த சீட்டுகளில் மூன்று ஆட்டின், சிவப்பு இதயச் சீட்டுகள், கிடந்தன. கையில் இன்னும் இரண்டு ஆட்டின் வைத்திருப்பவர் சோடியைச் சுலபமாக வென்றுவிடுவார். அண்ணையின் கையில் இரண்டு ஒன்பதுகள், ஒரு சோடி மட்டும். அரியரத்தினம், "தப்பீ" என்றார். தட்டும் வந்தது.

"சாப்பிடுங்கோ, சம்பந்தி."

அண்ணை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்தது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"பாப்பம், காட்டுங்கோ."

அரியரத்தினத்திடம் ஓர் ஆட்டின்கூட இல்லை. சோடியும் இல்லை.

நாங்கள் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை, காய்களையும் அள்ளவில்லை. தட்டைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

"இப்ப சொல்லுங்கோ, சம்பந்தி. சீதனம் எவ்வளவு?"

அரியரத்தினத்தின் கை மேசையைத் தடவியது. ஒன்றும் அகப்படவில்லை.

"மனுசி... கார் ஒண்டு எண்டு சொன்னவ."

"நீங்கள்?"

"எனக்கும் கார் விருப்பம்தான்."

அண்ணை, வென்ற காய்கள் அத்தனையையும் அவர் பக்கம் தள்ளினார். "இதுக்கு ஒரு நல்ல சைக்கிள் வரும். இதுக்கு மேலை என்னட்டை இல்லை. பெடியனுக்கு உடம்புக்கும் நல்லது."

அரியரத்தினத்தின் முகம் சிவந்தது. கல்யாணப் பேச்சு என் கடைப் பின்னறையிலேயே முறிந்தது என்று நினைத்தேன். கடைசியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, விடுங்கோ. கார் வேண்டாம்."

அண்ணை மிக்சர் தட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். நாங்கள் எல்லோரும் தட்டையே பார்த்தோம்.

அரியரத்தினம் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கொறிக்கத் தொடங்கினார்.