ஜெலுத்தோங் வான்படையின் மஞ்சள் பஸ்

ஜெலுத்தோங்கில் ஒரு வான்படை இருக்கிறது. அரசாங்கத்துக்குத் தெரியாது. மின்தூக்கி அடிக்கடி படுத்துக்கொள்ளும் ஒரு அடுக்குமாடியின் உச்சியில், என் கொழுந்தன் குணாளனின் வரவேற்பறைதான் அதன் தளம். போர் விமானங்கள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும். குண்டு வீசும் விமானங்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இடம். பழுதுபார்ப்புக்கு வந்தவை சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். எல்லாவற்றின் இறக்கையிலும் ஒரே சின்னம்: வட்டத்துக்குள் ஒரு பாக்கு மரம். உலகத்தில் எந்த நாட்டு விமானத்திலும் இந்தச் சின்னத்தைப் பார்க்க முடியாது. ஏனென்றால் இது பாக்கின் பெயரையே கொண்ட பினாங்குத் தீவின் சொந்த வான்படை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

குணாளன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை நட்டு, எறும்புக்கால் தடிமன் கம்பிகளைச் சோதித்தே ஓய்வு பெற்றவன். கை நடுங்கி நான் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டர்வொர்த்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் காப்பித் தட்டோடு வந்து நிற்கிறது, இவன் கூரையில் சுற்றும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இறக்கை கோணம் தப்பா இருக்கு, அதான் ஆடுது" என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னான். ஸ்குரூ முடுக்கியைக் கேட்டு வாங்கி ஏறிச் சரியும் செய்துவிட்டுத்தான் இறங்கினான். மின்விசிறி இன்றைக்கும் ஆடாமல் ஓடுகிறது என்று கேள்வி. பெண் வேறிடத்தில் சுகமாக இருக்கிறது.

இந்த மாதிரி விமானம் கட்டுபவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒரு சாதி, நிஜத்தில் பறந்ததை ஆணி மாறாமல் அப்படியே கட்டும். இன்னொரு சாதி, "இப்படி நடந்திருந்தால்?" என்று ஒரு வரலாற்றைக் கற்பனை செய்து, அந்த வரலாற்றுக்கு ஏற்ற நிறமும் சின்னமும் போட்டு, கீழே ஒரு அட்டையில் கதையை எழுதி வைக்கும். குணாளன் இரண்டாவது சாதி. அவனுடைய வரலாறு இதுதான்: ஜப்பான்காரன் குண்டு போட வருவதற்கு முன்பே, சூலியா தெரு முதலாளிகளும் சீன முதலாளிகளும் ஒன்று சேர்ந்து தீவுக்கென்று விமானங்கள் வாங்கிவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு மற்றதெல்லாம் நிஜம்போலவே நடந்தாக வேண்டும். மழை பெய்த நாளில் மழை பெய்ய வேண்டும். இல்லாத இயந்திரம் இருக்கக் கூடாது.

அட்டையில் எழுதும் வேலை எனக்கு. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்த கை ஆயிற்றே, கதை தானாக வழியும். ஒருமுறை, பாலிக் பூலாவ் மலைத் தோட்டங்களில் தேங்காய் பறிக்கும் குரங்குகளைப் படையில் சேர்த்து, எதிரி விமானத்தின் மேல் முள் டுரியான் பழம் வீசப் பழக்கினார்கள் என்று எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

"அண்ணி, ஒரே ஒரு பொய்தான். அதுக்கு மேல போனா வரலாறு இல்ல, புளுகு."

"குரங்கு பொய்யாப்பா? எங்க மாமா தோட்டத்துல ஒரு குரங்கு கணக்குப் பிள்ளையாவே இருந்துச்சு."

"ரெண்டாவது பொய். அடிச்சிடுங்க."

அடித்தேன். அவனுடைய சட்டம் அப்படி.

இந்தப் பைத்தியத்தை அவனுக்குப் பிடிக்கவைத்தவர் என் வீட்டுக்காரர், அவனுடைய அண்ணன் திருநாவுக்கரசு. அந்தக் காலத்துப் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், ஏறிப் போகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கப் போகிறவர்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஞ்சள் பஸ் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போய், பார்வை மாடத்தில் கடலை கொறித்துக்கொண்டு நிற்பார்கள். என் வீட்டுக்காரர் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சத்தத்தை வைத்தே விமானத்தின் பெயர் சொல்லுவாராம். எண்ணெய்ப் புகை வாசனை மூக்கில் ஏறினால் இருவருக்கும் பசியே எடுக்காதாம். மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வயது வந்ததும் அவர் விமானப் படைக்கு மனுப் போட்டார். எழுத்துத் தேர்வில் தேறினார். கோலாலம்பூருக்குப் போனவரை மருத்துவர் பரிசோதித்தார். சிறுவயதில் சீழ் பிடித்து இடது காதின் சவ்வில் ஓட்டை. விமானி ஆக முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பினார். கொஞ்ச நாளில் மஞ்சள் பஸ்ஸில் ஓட்டுநர் ஆனார். எந்த வழித்தடம் தெரியுமா? நகரத்திலிருந்து பாயான் லெப்பாஸ். தினமும் விமான நிலைய வாசல்வரை போய்த் திரும்பி வருவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய வலப்பக்கத்தில்தான் நான் உட்காருவேன். இடப்பக்கத்தில் உட்கார்ந்தால் என் பேச்சு அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். சண்டை நாட்களில் மட்டும் இடம் மாறிக்கொள்வேன்.

அந்தக் கோலாலம்பூர்ப் பயணத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அண்ணனின் அந்த நஷ்டத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று குணாளன் உள்ளுக்குள் வைத்திருந்தது எனக்கே சென்ற ஆண்டுதான் தெரிந்தது. டத்தோ கிராமாட்டில் ஒரு மண்டபத்தில், மாதிரி விமானம் கட்டுபவர்கள் சங்கத்தின் கண்காட்சி. எங்கள் இருவரையும் வரச் சொன்னான். "புதுசு ஒண்ணு இருக்கு அண்ணே, நீங்க கட்டாயம் பாக்கணும்" என்றான். அட்டையை இந்த முறை அவனே எழுதிக்கொண்டான்.

பச்சையும் சாம்பலும் கலந்த ஹன்டர் போர் விமானம். மூக்கிலிருந்து வால்வரை ஒரு தூசி இல்லை. விமானி ஏறும் இடத்துக்குக் கீழே, மயிரிழை எழுத்தில் ஒரு பெயர். அட்டையில் பெரிதாக அதே பெயர்: படைத் தலைவர் திருநாவுக்கரசு, பினாங்குத் தீவு வான்படை.

என் வீட்டுக்காரர் குனிந்து படித்தார். மறுபடி படித்தார். பக்கத்தில் நின்ற ஐனா என்ற இளம் பெண், சங்கத்துக்குப் புதிதாக வந்தவள், அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தாள். "பைலட்டா அங்கிள்?" என்று மலாயில் கேட்டு, படம் எடுத்துக்கொள்ளக் கைப்பேசியை நீட்டினாள். பின்னாலிருந்து ஒரு வெடிச் சிரிப்பு. என் வீட்டுக்காரரோடு வாழ்நாள் முழுக்க ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் முகம்மது சுல்தான்.

"அலாமா! டிரைவர் எப்ப பைலட் ஆனாரு? எனக்குச் சொல்லவே இல்லையேலா! அப்ப நான் யாரு, ஏர் ஹோஸ்டஸா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குணாளனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே நடந்தார். காரை நான்தான் ஓட்டினேன்; வீடு வரும்வரை வலப்பக்கமிருந்து பேசியும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூலியா தெருவிலிருந்து ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு குணாளன் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். இதற்கு மட்டும் இரண்டு காதும் கேட்காது.

நானே ஜெலுத்தோங்குக்குப் போனேன். அலமாரி காலி. விமானங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"சங்கத்துக்குக் குடுத்திடப் போறேன் அண்ணி. போதும். அண்ணனைக் கூட்டத்துல கேலிப் பொருளா ஆக்கிட்டேன். இனிமே எந்த மூஞ்சியோட கட்டுறது?"

அண்ணன் தோளில் ஏறி விமானம் பார்த்த பிள்ளை அவன். விமானம் என்றாலே அவனுக்கு அண்ணன்தான். அண்ணன் இல்லை என்றால் விமானமும் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கைநழுவிப் போகிறதென்று எனக்குப் புரிந்தது. நான் நேரே வீட்டுக்கு வந்தேன். வந்து, நடந்ததைச் சற்றே உப்புக் காரம் சேர்த்துச் சொன்னேன்.

"உங்க தம்பி எல்லா பிளேனையும் பேப்பர் லாமா லோரிக்குப் போடுறான். லோரி கீழே வந்து நின்னு மைக்ல கத்திக்கிட்டு இருக்கு."

தேநீர்க் குவளை கவிழ்ந்தது. பழைய பேப்பர் லோரிக்காரனை மறிக்க, முட்டிவலிக்காரர் எனக்கு முன்னால் காரில் ஏறினார். மின்தூக்கி வழக்கம்போல் படுத்திருந்தது. படி படியாக நின்று நின்று ஏறினார். மேலே போனதும் மூச்சு வாங்கக் கேட்டார்.

"லோரி எங்கடா?"

"எந்த லோரி அண்ணே?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே கடல் பாலம் நன்றாகத் தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணே" என்றான் குணாளன். "உங்களுக்குக் கெடைக்காதத நானாவது குடுக்கலாம்னு..."

"யார்ரா உன்னைக் கேட்டது?" குரல் உயர்ந்தது. "அந்த வயசுல ஆசப்பட்டேன், இல்லேங்கல. அதுக்கப்புறம் வாழ்க்க பூரா பஸ் ஓட்டினேன். மழை, வெள்ளம், டுரியான் கூடை, பிள்ளத்தாச்சி, எல்லாத்தையும் ஏத்தி எறக்கினேன். ஒரு தடவ கூட எங்கயும் முட்டினதில்ல. உன் அட்டைல பஸ்ஸுன்னு ஒரு வார்த்த இருக்கா? அந்தப் பொண்ணு சல்யூட் அடிச்சுது. எனக்கா அடிச்சுது? எவனோ இல்லாதவனுக்கு!"

குணாளன் தலை நிமிரவில்லை. இவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"உன் சட்டம் என்னடா? எத்தன பொய்?"

"ஒண்ணு."

"எண்ணு."

"தீவுக்குப் படை இருந்துச்சு. ஒண்ணு."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது இல்லண்ணே."

இவர் இடது காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "இத எவன்டா சரி பண்ணான்?"

குணாளன் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். குரங்கை ஒரு நொடியில் பிடித்தவனுக்கு, அண்ணன் காது மட்டும் கண்ணில் படவில்லை.

"உன் படையிலயும் டாக்டர் இருப்பாரு. அவரும் என்னை வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பாரு."

"அப்ப... நீங்க என்ன பண்ணியிருப்பீங்க அண்ணே?"

"இது ஒரு கேள்வியா? பஸ் ஓட்டியிருப்பேன்."

குணாளன் ஒரு விமானத்தைப் பேப்பரிலிருந்து பிரித்து மேசையில் வைத்தான். அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையே பார்த்தான். "பைலட்டுங்க நடந்தா பிளேனுக்குப் போவாங்க?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். "ரன்வே எவ்ளோ தூரம்... படைக்கு ஒரு பஸ் வேணுமேலா."

அதன் பிறகு வந்த மாதங்களைப்போல் அந்த வீடு கலகலத்து நான் பார்த்ததில்லை. விமானத்துக்கென்றால் பாகங்கள் பெட்டியில் அடைத்தே கடையில் கிடைக்கும்; இந்த பஸ்ஸுக்குக் கிடைக்காது. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி வெட்டி ஒட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தார். "இதா மஞ்சள்? இது கறிப்பவுடருடா! எங்க பஸ்ஸு மாம்பழம் மாதிரி இருக்கும்." அவன் அழித்துவிட்டு மறுபடி கலப்பான். சுல்தான் பாய் வந்து, மணிக்கயிறு எந்தப் பக்கம் தொங்கும், எந்த இருக்கையில் பஞ்சு பிதுங்கியிருக்கும் என்றெல்லாம் சாட்சி சொன்னார். பாயான் லெப்பாஸ் வளைவில் ஒரு பாட்டியின் கோழி ஜன்னல் வழியே பறந்து போனதையும், இவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி அதைத் துரத்தியதையும், பயணிகள் எல்லாரும் கைதட்டியதையும் சொல்லிச் சொல்லி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தக் கோழியை நான் அட்டையில் சேர்க்கப் பார்த்தேன். நிஜம்தானே! ஆனால் இடம் போதவில்லையாம்.

இந்த ஆண்டுக் கண்காட்சியில் அதே ஹன்டர் நின்றது, பெயர் அழிக்கப்பட்டு. அதன் இறக்கைக்குக் கீழே மாம்பழ நிறத்தில் ஒரு பஸ், நெற்றியில் பாக்கு மரச் சின்னத்தோடு. சுல்தான் பாய் குனிந்து பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்.

"நான் எங்கப்பா? கண்டக்டர் இல்லாம பஸ்ஸா?"

"உள்ள பின்னாடி நிக்கிறீங்க பாய். டார்ச் அடிச்சுப் பாருங்க."

என் வீட்டுக்காரர் ஓட்டுநர் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி அளவு ஆள். ஆனால் தலை நேராக இல்லை, இடப்பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தது.

"எனக்கு ஏன்டா கழுத்து கோணியிருக்கு?"

"இடது பக்கம் ஏறுற ஆளு என்னமோ கேக்குறாரு அண்ணே. நீங்க வலது காதைக் குடுக்குறீங்க."

அவர் அப்படித்தான் ஓட்டுவார். பயணி ஏறினால் கழுத்தை முழுக்கத் திருப்பி, முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்பார். இந்த ஓட்டுநருக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று ஊரே சொல்லும். இவர் தம்பியின் தோளில் கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது. ஐனா வந்து, "இதுல அங்கிளுடையது எது?" என்று கேட்டபோதுகூட, மற்ற கையால்தான் பஸ்ஸைக் காட்டினார். அவள் சல்யூட் அடிக்கவில்லை. மண்டியிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தாள்.

விமானிக்கு யார் பெயரைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நான் மறுபடி குரங்கைச் சிபாரிசு செய்திருக்கிறேன். அட்டையில் இப்போதைக்கு இப்படித்தான் இருக்கிறது: "படைப் பேருந்து ஓட்டுநர் திருநாவுக்கரசு. இவர் வந்து சேராமல் இந்தத் தீவில் எந்த விமானமும் கிளம்பியதில்லை."

கடைசி வரி நான் எழுதியது. குணாளன் படித்தான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான். அடிக்கச் சொல்லவில்லை.