கருவாட்டுப் பையும் கரடியும்

நாங்கள் ராயபுரம் கல்மண்டபத்துக்காரர்கள். எந்த ஊருக்குப் போனாலும் நெத்திலிக் கருவாடு கூடவே வரும். போன கோடையில் புலிகள் காப்பகத்துக்கும் எடுத்துப் போனேன்.

"சாப்பாட்டை வெளியே வைக்காதீங்கம்மா" என்று வனக்காவலர் சொல்லியிருந்தார். பழம், பிஸ்கட்டையெல்லாம் விடுதி அறைக்குள் வைத்தேன். கருவாடு நாறுமே என்று, வீட்டில் செய்வது போலவே வராந்தாக் கம்பியில் பையை மாட்டினேன். எங்கள் வீட்டில் அதைத் தேடிப் பூனைதான் வரும்.

விடியற்காலையில் கம்பி ஆடும் சத்தம் கேட்டது. "பூனதாம்மே, தொரத்திட்டு வந்துட்றேன்" என்று என் கணவர் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். ஜன்னலில் எட்டிப் பார்த்த மகள், "நைனா, தொறக்காத! கரடி நின்னுகினு கீது!" என்று அலறினாள்.

கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து மூவரும் அதன்மேல் உட்கார்ந்தோம். பை காலியான பிறகும் அது போகவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்து உஸ் உஸ்ஸென்று மோந்தது. என் கையை முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு வாடை.

காவலர்களின் ஜீப் சத்தம் கேட்டுத்தான் அது காட்டுக்குள் ஓடியது.

இப்போது காட்டுப் பக்கம் கருவாடு கொண்டுபோவதில்லை. வீட்டில் இன்னும் கம்பியில்தான் மாட்டுகிறேன். ஆனால் கம்பி ஆடினால், பூனைதான் என்று தெரிந்தாலும், ஜன்னலில் பார்க்காமல் கதவைத் திறப்பதில்லை.