குரல் வராத ஆறு நாள்

என் வீட்டுக்காரர் வீரமுத்து, மலேசியாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை எண்ணெய் ஆலை வயர்மேன். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். ஆனால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ஒரு ரேடியோப் பெட்டி வைத்துக்கொண்டு ஊர் உலகத்தோடு பேசுவார். வாழ்க்கைப்பட்ட இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் பேசியதைவிட அந்தப் பெட்டியிடம் பேசியதுதான் அதிகம்.

அதில் முக்கியமான ஆள் நாகப்பட்டினத்து மஸ்தான் பாய். நேரில் பார்த்ததே இல்லை. தினமும் ராத்திரி எட்டரை மணிக்குக் குரல் மட்டும் வரும். அது எப்படி அவ்வளவு தூரம் வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். கழுவிக் கவிழ்த்திருந்த டிபன் கேரியரை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"வானத்துலயும் இப்படி அடுக்கு இருக்கு வள்ளி. பகல்ல கீழ் அடுக்கு நம்ம குரல முழுங்கிடும். பொழுது சாஞ்சா அது கரைஞ்சு போயிடும். மேல் அடுக்கு மட்டும் நிக்கும். குரல் அதுல முட்டி, கடலத் தாண்டி விழும்லா."

"ஒரு ஃபோன் போட்டா ஆச்சு. இதுக்கு இவ்வளவு பாடா?"

இருவரும் நம்பரே மாற்றிக்கொள்ளவில்லையாம். வானம் சேர்த்து வைத்த பழக்கத்துக்கு ஃபோன் எதற்கு என்று வீறாப்பு. அந்த வீறாப்புதான் சென்ற ஆண்டு அவரைப் பாடாய்ப் படுத்தியது.

பாய்க்கு ஒரு மாதமாக இருமல். பேச்சைவிட இருமலே அதிகம் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க பாய். போகாம இனி என்னைக் கூப்பிடாதீங்க!" என்று கத்திவிட்டுப் பெட்டியை அணைத்தார் இவர். பாசத்தையும் சிடுசிடுப்பாகத்தான் காட்டத் தெரியும் இவருக்கு.

மறுநாள் சூரியனில் ஏதோ வெடித்து, மேல் அடுக்கெல்லாம் கலைந்துவிட்டதாம். மூன்று நாள் பெட்டியில் வெறும் இரைச்சல்.

இவருடைய ரேடியோவின் ஏரியல் கம்பி பின்கட்டில் பலாமரத்துக்கும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவே முப்பதடி உயரத்தில் ஓடும். கயிற்றைத் தளர்த்தினால் இறங்கும். வானமே செத்துக்கிடக்கும்போது கம்பி சும்மாத்தானே இருக்கிறது? ஆளுயரத்துக்கு இறக்கி, துவைத்த போர்வைகளைக் காயப்போட்டேன். விடாத மழை. போர்வையும் காயவில்லை, எனக்கும் கம்பியின் ஞாபகம் இல்லை. இவர் வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வருவார், பின்கட்டுக்குப் போவதே கிடையாது.

நாலாம் நாள் வானம் சரியாயிற்று. கடலுக்கு அந்தண்டை பக்கத்து நாட்டிலிருந்து மேடான்காரன் வந்தான், பாலெம்பாங்காரன் வந்தான். பாய் வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. "நான்தானே கூப்பிடாதீங்கன்னு சொன்னேன்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட வழியில்லை. இவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

ஆறாம் நாள் சாப்பாட்டில் கை வைத்தபடி தனக்குத்தானே பேசினார்.

"கிட்டத்துல உள்ளவனெல்லாம் வர்றான். தூரத்துல உள்ளவன் ஒருத்தனும் வரல. ஒயர் தாழ்ந்தாத்தான் இப்படி ஆகும். குரல் நட்டுக்க மேல போயி பக்கத்துலயே விழுந்துடும். நம்ம ஒயர்தான் முப்பதடில இருக்கே. அப்ப பாய்க்குத்தான் என்னமோ ஆயிடுச்சு."

அப்போதுதான் எனக்குப் போர்வை ஞாபகம் வந்தது. எச்சில் கையோடு பின்கட்டுக்கு ஓடினேன். தூறலில் போர்வைகளை உருவிப் போட்டு, கயிற்றை இழுத்து இறுகக் கட்டினேன். கடைசிப் போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மணி எட்டரை தாண்டியிருந்தது.

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. இருமல் இல்லாத குரல்.

"தம்பி வீரமுத்து! நீ சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேன். மூணு நாளாக் கூப்பிட்டுப் பாக்குறேன், பதிலே இல்ல. எம்மேல இன்னும் கோவமா?"

இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த போர்வையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போர்வையையும் பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கை அழுத்திவிட்டார்.

"கோவமெல்லாம் இல்ல பாய்," என்றார் என்னைப் பார்த்தபடியே. "இங்க வானம்தான் சரியில்ல."